அம்மாவின் கதிரைக்கு ஐந்து ஸ்பீக்கர்

டயனாவுக்குக் கோபம் வந்தால் வீடு சுத்தமாகும். அந்தக் கடற்கரை ஊரில் மற்றவர்கள் கோபம் வந்தால் பீங்கானை எறிவார்கள், கதவை அறைந்து சாத்துவார்கள், வேலிக்கு மேலால் நின்று பக்கத்து வீட்டுப் பரம்பரையையே சந்திக்கு இழுப்பார்கள். டயனா தேங்காய்ப் பொச்சையும் சாம்பலையும் எடுத்துக்கொண்டு சட்டியின் அடியைத் தேய்க்கத் தொடங்குவாள். வாயைத் திறக்க மாட்டாள். அவளுடைய புருஷன் சாள்ஸ் கடல்தொழிலால் வரும்போது, முற்றத்தில் ஈர்க்கு விளக்குமாற்றின் தடம் கோடு பிடித்ததுபோல நேராகக் கிடந்தால், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலிலேயே நிற்பான்.

"இண்டைக்கு ஆர்?" என்று கேட்பான்.

கோபம் இல்லாத நாட்களிலும் அவள் அப்படித்தான். கற்பிட்டிப் பக்கத்துக் கருவாட்டு வாடி ஒன்றில் இருபது வருடமாக அவள் வேலை செய்கிறாள். அவள் பரப்பிய பாயில் மீன்கள் எல்லாம் தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கமாகத்தான் காயும். "மீனெல்லாம் பூசைக்கா இருக்குது, டயனா?" என்று வாடிக்காரர் கேலி பண்ணுவார். "ஒழுங்கா வெச்சாத்தான் எது காயல்லண்டு தெரியும்" என்பாள் அவள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோன ஒருத்திக்குத் தன் கையில் இருந்தது அந்த ஒழுங்கு மட்டும்தான். அதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

பள்ளிக்கூடம் முடிந்ததற்குக் காரணம் தம்பி கிளைட்டன். அப்பா நெஞ்சு வலியில் போனபோது அவனுக்கு இரண்டு வயது. அம்மா வாடிக்குப் போக, டயனா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவனுக்குச் சோறு தீத்தியதும் அவள், சிலுவை அடையாளம் போடப் பழக்கியதும் அவள், கோவிலில் முதல்நன்மை வாங்க வெள்ளைக் காற்சட்டை தைத்ததும் அவள். அந்தக் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் அவன். பிறகு இத்தாலிக்குப் போனான். போய் எட்டு வருடம். அங்கே ஒரு வயதான மனிதரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வதிவிடக் காகிதம் சரிவராததால் ஊருக்கு வந்து திரும்பிப் போக வழியில்லை. இந்த எட்டு வருடத்தில் அம்மாவுக்குச் சீனி வருத்தம் முற்றி இரண்டு கண்ணும் போய்விட்டன. காதும் முக்கால்வாசி போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது கிளைட்டனின் குரல் செய்தி வந்தது. கலியாணம் கட்டப் போகிறானாம். பெண்பிள்ளையின் பெயர் ஷானிகா, சிலாபம் பக்கம், வேதக்காரப் பிள்ளைதான், அங்கே காகிதத்தோடு இருக்கிறாளாம். கோவில், நாள், மண்டபம் எல்லாம் ஒழுங்கு பண்ணியாயிற்றாம். "கோவிக்காத அக்கா" என்று முடிந்தது செய்தி.

டயனா கோவிக்கவில்லை. நுளம்பு கடிக்காமல் கட்டிலுக்கு மேல் கட்டியிருந்த வலைகளைக் கழற்றித் தோய்த்தாள். அலுமாரியை இழுத்து அதன் பின்பக்கச் சுவரைத் துடைத்தாள். பிறகு முழங்காலில் இருந்து அம்மாவின் கட்டிலுக்கு அடியில் குனிந்தபோது, அங்கே தூசி பிடித்துக் கிடந்த பெரிய பெட்டி கையில் தட்டுப்பட்டது. கிளைட்டன் வேலை செய்யும் வீட்டுக்காரர் கொடுத்த பழைய ஹோம் தியேட்டர் செட் அது. மூன்று வருடத்துக்கு முன் கிளைட்டன் காகோவில் அனுப்பியிருந்தான். கறுப்பு றிசீவர் ஒன்று, ஸ்பீக்கர் ஐந்து, பூமியை உலுக்குகிற பாஸ் பொக்ஸ் ஒன்று. பொருத்திப் பூட்டத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்று அப்படியே கிடந்தது.

அன்று பின்னேரம் வீடியோவில் அவனே எடுத்தான்.

"கவலப்படாத அக்கா. லைவ்வா எல்லாம் காட்டுவம். நீங்க எல்லாரும் ஹோலில இருந்து பெரிய டீவியில பாக்கலாம்."

"எல்லாரும் பாப்பம்" என்றாள் டயனா. "அம்மாவுக்கு எதக் காட்டப் போற?"

அவன் போனை மற்றக் கைக்கு மாற்றினான். 

"சொல்லு. நீ கோட்டு சூட்டு போட்டு நிக்கிறதக் காட்டப் போறியா? போன்ல நீ கதைக்கிறதே அதுக்கு விளங்குறல்ல. நுளம்பு மாதிரிக் கேக்குதாம். ஓம் ஓம் எண்டு சும்மா தலையாட்டுது. நீ கேட்டதுக்குத்தான் ஓம் சொல்லுதெண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிற."

"நான் என்ன செய்ய அக்கா?"

"நீ செஞ்சது காணும்."

போனை வைத்துவிட்டு அவள் பெட்டியை இழுத்து வெளியே போட்டாள். எல்லாருக்கும் படம் கலியாணம். அம்மாவுக்குச் சத்தம்தான் கலியாணம். மகன் கோவிலில் நின்று சொல்லப்போகிற அந்த வாக்கை அம்மா முழுசாகக் கேட்கவேண்டும். அது ஒன்றுதான் வேண்டும். மற்றவர்கள் என்ன பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அவளுக்குச் சரிதான்.

பெட்டிக்குள் இருந்த புத்தகம் இத்தாலிய மொழியில் இருந்தது. அதில் படங்களை மட்டும் அவள் பார்த்தாள். பங்குக் கோவில் கலண்டரில் போன மாதத் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் மகள் றஜிதாவின் அடிமட்டத்தை வைத்து ஹோலின் படத்தைக் கீறினாள். புத்தகத்துப் படத்தில் முதலில் டீவி இருந்தது. டயனா முதலில் ஒரு கதிரையைக் கீறினாள். அம்மாவின் கதிரை. அதற்குப் பிறகுதான் மற்ற எல்லாம். பேச்சுக் குரல் வருகிற நடு ஸ்பீக்கர் டீவிக்குக் கீழே, கதிரையை நேராகப் பார்த்தபடி. முன் இரண்டும் கதிரையிலிருந்து சம தூரத்தில். பின் இரண்டும் கதிரைக்குப் பின்னால், அம்மாவின் காது மட்டத்துக்குச் சற்று மேலே. பாஸ் பொக்ஸ் மூலையில். றிசீவருக்குச் சூடு போக நான்கு பக்கமும் இடைவெளி.

சாள்ஸ் எட்டிப் பார்த்தான். "செற்றிய எங்க போடப் போற?"

"வெளியில."

"வாற சனம் எங்க இருக்கிற?"

"நிலத்துல இருக்கட்டும். கோவில்ல நிலத்துலதானே இருக்கிறாங்க."

சாள்ஸின் மூத்த சகோதரி எமிலியா வளவுக்கு அடுத்த பக்கம் இருந்தாள். அன்றே வந்து கலண்டர்த் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதென்ன மச்சாள், கடல்ல பாடு வலை போடக் கணக்குப் பாத்த மாதிரிக் கிடக்கு" என்றாள். பிறகு, "எல்லாருக்கும் வீட்டுக்கு வீடு கலியாணக் காட் குடுத்துக் கூப்பிடுவாங்க. உங்கட தம்பி எங்கள டீவிக்குள்ள கூப்பிட்டிருக்கிறார். மொய்ய எங்க போடுற, டீவிக்கு மேலயா?"

எமிலியா குடித்துவிட்டு வைத்த தேத்தண்ணிக் கோப்பையை டயனா மூன்று தரம் கழுவினாள்.

இணைப்பில் ஒரு சிக்கல் இருந்தது. றஜிதாவின் லப்டொப்பிலிருந்து டீவிக்கு ஒரு வயர் போட்டால் படமும் சத்தமும் டீவிக்கு வந்துவிடும். ஆனால் அந்த டீவியின் சொந்த ஸ்பீக்கர் உப்புக்காற்றுக்குச் செத்து ஒரு வருடம் ஆகிறது. சத்தத்தை டீவியிலிருந்து றிசீவருக்குக் கொண்டுபோக வேண்டும். றிசீவரோ பழசு, புது டீவியின் துளைகள் அதில் இல்லை. டயனா இரண்டின் முதுகையும் போனில் படம் பிடித்துக்கொண்டு கற்பிட்டி பஸாருக்கு மஸாஹிர் நானாவின் கடைக்குப் போனாள்.

மஸாஹிர் நானா தொண்ணூறாம் ஆண்டில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து ஒரு உடுப்புப் பையோடு வந்தவர். இப்போது றேடியோ, டீவி, வள்ளத்து வோக்கி டோக்கி எல்லாம் அவர் மேசையில்தான் திறபடும். படத்தைப் பெருப்பித்துப் பார்த்தார்.

"டீவியில இரிந்து எடுக்க உங்களுக்கு வழி ஒண்டுதான் இரிக்கி, தங்கச்சி. இந்தச் சதுர ஓட்டை ரெண்டுலயும் இருக்கு. இதுக்கு வேற வயர்."

மெல்லிய கறுப்பு வயர் ஒன்றை எடுத்து, கடையிலிருந்த டீவியில் ஒரு முனையைக் குத்தி, மறுமுனையைத் தன் உள்ளங்கையில் பிடித்தார். கையில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது.

"பாத்தீங்களா? இதுக்குள்ள கரண்ட் ஓடுறல்ல. வெளிச்சம் ஓடுது. சத்தத்த வெளிச்சமா மாத்தி அனுப்புது. சடக்கெண்டு மடிக்கப்படாது. நுனியில தூசி படப்படாது."

"மடிக்க மாட்டன் நானா."

"இதையும் கொண்டு போங்க" என்று சிவப்பு வெள்ளை முனை வைத்த சாதாரண வயர் ஒன்றையும் நீட்டினார். "லப்டொப்ல இரிந்து நேரா றிசீவருக்குப் போடலாம். ஒண்டுக்கு ஒண்டு காவலா கிடக்கட்டும்."

"வேணாம் நானா. திட்டம் சரியா இருந்தா எதுக்கு மேலதிகமா ஒண்டு? வீட்டுக்குள்ள கண்ட கண்ட வயர் கிடந்தாத்தான் குழப்பம்."

மஸாஹிர் நானா அவளை ஒருதரம் பார்த்தார். "உங்கட ராச்சியம்" என்று அந்த வயரைத் திரும்ப ஆணியில் கொழுவினார்.

வயர் இழுத்த விதத்தை ஊரே வந்து பார்த்திருக்க வேண்டும். ஸ்பீக்கர் வயர்களைச் சுவர் ஓரமாக, வாசற்படிக்குக் கீழால், ஒருவர் கால் தடக்காதபடி கொண்டுபோனாள். கரண்ட் வயரோடு சேர்ந்து ஓடினால் உறுமல் கேட்கும் என்று மஸாஹிர் நானா சொல்லியிருந்ததால் கரண்ட் வயரை மற்றச் சுவரால் விட்டாள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் வலை நூலால் முடிச்சுப் போட்டாள்: முன் இடத்துக்கு ஒரு முடிச்சு, முன் வலத்துக்கு இரண்டு, நடுவுக்கு மூன்று. எதைக் கழற்றினாலும் எங்கே போகவேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். யாரையும் உதவிக்கு எடுக்கவில்லை. சாள்ஸ் ஆணி அடிக்க வந்தபோது சுத்தியலை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

கலியாணத்துக்கு முதல் நாள் அம்மாவைக் கொண்டுவந்து கதிரையில் இருத்தி, லப்டொப்பில் ஒரு பூசையைப் போட்டார்கள். டயனா றிசீவரின் குமிழை மெல்ல மெல்லத் திருப்பினாள். அம்மாவின் முகம் நிமிர்ந்தது. கழுத்து பின்னால் திரும்பியது.

"சாமியார் எனக்குப் பின்னால நிக்கிறாரா?"

"இல்லம்மா. அது பொக்ஸ்."

"அப்ப சுத்திச் சுத்தி நடந்து திரியச் சொல்லாத. முன்னால நிக்கச் சொல்லு."

றஜிதா விழுந்து விழுந்து சிரித்தாள். டயனா பின் இரண்டின் சத்தத்தைக் குறைத்தாள். அம்மா பிரசங்கம் முழுவதையும் கேட்டுவிட்டு, "வேகமாச் சொல்லுறார், ஆனா விளங்குது" என்றாள். டயனா ஒரு வெள்ளைத் துணியால் றிசீவரை மூடிவிட்டுக் குசினிக்குப் போனாள். பல நாளைக்குப் பிறகு அன்று முற்றம் ஏனோதானோவென்று கூட்டப்பட்டிருந்தது.

கலியாணம் அங்கே காலையில், இங்கே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. சாள்ஸ் அன்று தொழிலுக்குப் போகவில்லை. டயனா மஞ்சள் சோறு ஆக்கி, கோழி பொரித்து, அம்மாவைக் குளிப்பாட்டி, மடிப்புச் சேலை உடுத்திக் கொண்டுவந்தபோது ஹோல் நிறைந்திருந்தது. எமிலியா முன்வரிசையில் அம்மாவின் கதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிலத்தில் இருந்தாள். றஜிதா அழைப்பை எடுத்தாள். டீவியில் ஒரு கல் கோவில் வந்தது. அங்கே கிளைட்டனின் அறை நண்பன் போனைப் பிடித்திருந்தான். கிளைட்டன் சாம்பல் நிறச் சூட்டில் பீடத்துக்கு முன்னால் நின்றான். வாசலால் ஷானிகா வந்தாள்.

"வடிவான பிள்ள" என்றார்கள் எல்லாரும்.

சத்தம் வரவில்லை.

டயனா குமிழைத் திருப்பினாள். இன்னும் திருப்பினாள். றிசீவரின் முகத்தில் விளக்குகள் எரிந்தன, எண்கள் ஏறின. ஐந்து பெட்டிகளும் கல்லாகக் கிடந்தன.

"றஜிதா, உன்ர பக்கம் பாரு."

"இஞ்ச சரி அம்மா. டீவிக்குப் போகுது."

"தொடங்கிட்டுதா?" என்றாள் அம்மா, கதிரையில் இருந்து.

"இல்லம்மா, இன்னும் இல்ல" என்றாள் டயனா. டீவியில் குருவானவர் வாயை அசைத்துக்கொண்டிருந்தார்.

எமிலியா திரும்பிப் பார்த்தாள். "ஊமப்படம்தானே, பரவாயில்ல. விடு மச்சாள். என்ன சொல்லுறாங்கண்டு தெரியும்தானே, எல்லாக் கலியாணமும் ஒண்டுதான்."

டயனா, டீவிக்குப் போகிற சத்தத்தை நிறுத்தி லப்டொப்பிலேயே வரச்செய்யும்படி மகளிடம் சொன்னாள். றஜிதா அதைத் தூக்கிக்கொண்டுபோய் அம்மாவின் காதுக்குப் பக்கத்தில் பிடித்தாள். வயர் இழுபட்டு டீவி கறுத்தது. நிலத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சத்தம் போட்டார்கள். அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். கையால் காதைத் தட்டிவிட்டாள்.

"என்ன பிள்ள இது, நுளம்பா?"

வயரைத் திரும்பக் குத்தினார்கள். படம் வந்தபோது கிளைட்டன் ஷானிகாவின் வலக்கையைப் பிடித்திருந்தான். அவன் உதடு அசைந்தது. டயனா அதைப் பார்த்தாள். தான் இடுப்பில் வைத்துத் திரிந்த பிள்ளை தன் வாழ்நாளுக்கும் சேர்த்து ஒரு வாக்குச் சொல்கிறது, இந்த வீட்டில் ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. மோதிரம் மாறியது. எமிலியா கை தட்டினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள்.

"ஏன் தட்டுறாங்க?" என்றாள் அம்மா.

டயனா நிலத்தில் முழங்கால் குத்தினாள். கீறிய திட்டத்தின்படி கதிரையிலிருந்து பின்னோக்கி வந்தாள். நடு ஸ்பீக்கர், மூன்று முடிச்சு, சரி. றிசீவர், சரி. றிசீவரின் முதுகில் சதுர ஓட்டை. வெளிச்ச வயரை இழுத்தாள். அது வழுக்கிக்கொண்டு வந்தது. அவளுடைய விரல்கள் மூன்றும் கறுப்பாயின. மூக்கருகே கொண்டுபோனாள். வள்ளத்து மணம்.

மற்ற முனைகளையும் பார்த்தாள். ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் கிறீஸ்.

"சாள்ஸ்."

அவள் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாசலில் நின்ற சாள்ஸ் உள்ளே வந்தான்.

"இது ஆர்ர வேல?"

"நான்தான். விடிய நீ கோழி வெட்டேக்க. உப்புக்காத்துக்குப் புது வயரெல்லாம் ரெண்டு மாசத்துல பச்ச பிடிச்சிரும் எண்டு..." அவன் மற்றவர்களைப் பார்த்தான். "வள்ளத்துப் பற்றரிக்குப் பூசுறதுதானே. பூசாட்டி மிசின் கடலுக்க நிண்டுரும். நல்லதுக்குத்தானே செஞ்சன்."

"எல்லாத்துக்குமா?"

"ஒண்டு விடாம. உன்ர நூல் முடிச்சப் பாத்து அந்தந்த ஓட்டையிலயே திருப்பிக் குத்தினன்." அந்தக் கடைசி வசனத்தில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"இது கம்பி இல்ல. இதுக்குள்ளால போறது வெளிச்சம். வெளிச்சத்தின்ர கண்ணுல கிறீஸ் அப்பியிருக்கிறீங்க."

"எனக்கு எப்பிடித் தெரியும்? நீ சொல்லல்லயே. சுத்தியலக்கூட வாங்கிக்கொண்டுதானே என்னத் துரத்தின."

அவன் சொன்னது உண்மைதான், அதுவே டயனாவுக்கு இன்னும் கோபத்தை மூட்டியது. அங்கே இருந்த இருபது பேர் முன்னால் ஒரு வார்த்தை பேசியிருந்தால், அவள் பேசிய வார்த்தையை அந்த வீடு பிறகு ஒருநாளும் கழுவியிருக்க முடியாது. அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து வயரின் நுனியைத் துடைத்தாள். காது துடைக்கிற பஞ்சுக் குச்சியால் றிசீவரின் ஓட்டையைக் குடைந்தாள், பிறகு டீவியின் ஓட்டையை. நுனியை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தாள். மங்கலாக ஒரு சிவப்பு. இன்னும் துடைத்தாள். தெளிவான சிவப்பு. லப்டொப்பின் சத்தத்தைப் பழையபடி டீவிக்கு மாற்றச் சொல்லிவிட்டு வயரைக் குத்தினாள்.

வீடு அதிர்ந்தது. குமிழ் முழுதாகத் திறந்து கிடந்ததை அவள் மறந்துவிட்டாள். கோவில் மணி, கைதட்டல், சிரிப்பு, யாரோ சிங்களத்தில் கத்துவது எல்லாம் ஐந்து பக்கமிருந்தும் பாய்ந்தன. அம்மா இரண்டு கையாலும் கதிரையைப் பிடித்துக்கொண்டாள். டயனா பாய்ந்து குறைத்தாள். டீவியில் மணமக்கள் கோவிலுக்கு வெளியே வந்திருந்தார்கள், பூவிதழ் எறிந்துகொண்டிருந்தார்கள்.

"வந்திட்டுது, வந்திட்டுது" என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். எமிலியா எழும்பிச் சேலையைத் தட்டினாள். "சரி, மஞ்சள் சோற்றக் கொண்டு வா மச்சாள். கலியாணம் முடிஞ்சுது."

"முடியல்ல" என்றாள் டயனா. "ஒருத்தரும் எழும்ப வேணாம்."

லப்டொப்புக்கு முன்னால் போய் நின்றாள். "தம்பி, போனக் கொண்டுபோய் கிளைட்டனிட்டக் குடுங்க."

"அக்கா, இப்ப போட்டோ எடுக்கிறாங்க" என்றது நண்பனின் குரல், ஐந்து ஸ்பீக்கரிலும்.

"குடுங்க."

படம் குலுங்கியது. கல், செருப்புகள், வானம், பிறகு கிளைட்டனின் முகம். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அக்காவின் முகத்தைக் கண்டதும் சிரிப்பு இறங்கியது.

"பாத்தீங்களா அக்கா?"

"நாங்க பாத்தம். அம்மா கேக்கல்ல."

"என்ன?"

"சத்தம் வரல்ல. நீ சொன்னது ஒண்டுமே அதுக்குக் கேக்கல்ல. மணி அடிச்சது மட்டும்தான் கேட்டது."

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். யாரோ அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "வீடியோ எடுத்திருக்கிறம் அக்கா. நாளைக்கு அனுப்பிவிடுறன். பிறகு போட்டுக் காட்டுங்க."

"செத்த வீட்டுக்கும் வீடியோ, கலியாணத்துக்கும் வீடியோ. எட்டு வருசமா உன்னப் போன் கண்ணாடியிலதான் பாக்கிறம். அம்மாவுக்கு அந்தக் கண்ணாடியும் இல்ல." அவளுடைய குரல் உயரவில்லை, ஒவ்வொரு சொல்லும் பாயில் காயப்போட்டதுபோல நேராக வந்தது. "இப்ப சொல்லு. அந்தப் பிள்ளையக் கூட்டிக்கொண்டு வந்து, கையப் பிடிச்சு, திரும்ப ஒருதரம் சொல்லு."

"அக்கா, இஞ்ச சனம் நிக்குது. அதோட நான் சொன்னது இத்தாலியனில."

"அப்ப கேட்டிருந்தாலும் விளங்கியிருக்காது. நல்லதாப் போச்சு. தமிழ்ல சொல்லு."

"எனக்குத் தமிழ்ல பாடமில்ல."

"எனக்குப் பாடம். நான் சொல்லச் சொல்லச் சொல்லு."

சாள்ஸ் வாசல் நிலையைப் பிடித்தபடி தலையைக் குனிந்து நின்றான். டீவியில் வெள்ளை உடுப்போடு ஷானிகா வந்தாள். கிளைட்டன் அவளிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னான். அவள் தன் பூச்செண்டை யாரிடமோ கொடுத்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் கையை நீட்டினாள். டயனாவுக்கு அவள்மேல் வைத்திருந்த கோபத்தில் கொஞ்சம் அந்த இடத்தில் குறைந்தது. முழுவதும் இல்லை.

"ஷானிகா, உன்னை என் மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன்" என்றாள் டயனா.

"ஷானிகா, உன்னை என் மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன்."

குரல் டீவிக்குக் கீழிருந்து நேராக அம்மாவின் கதிரைக்குப் போனது.

"இன்பத்திலும் துன்பத்திலும்."

"இன்பத்திலும்... துன்பத்திலும்."

"உடல்நலத்திலும் நோயிலும் நான் உனக்குப் பிரமாணிக்கமாய் இருந்து."

"உடல்நலத்திலும் நோயிலும் நான் உனக்குப் பிர... பிராமணிக்க..."

"ஒழுங்காச் சொல்லு. பிரமாணிக்கம்."

"பிரமாணிக்கமாய் இருந்து."

"என் வாழ்நாளெல்லாம்."

அவன் அதைச் சொல்லவில்லை. தொண்டையைச் செருமினான். அந்தச் செருமல்கூட வீட்டுச் சுவர்களில் பட்டு வந்தது. டயனா காத்திருந்தாள். அவள் மறுபடியும் எடுத்துக்கொடுக்கவில்லை. கடைசியில் அவனே சொன்னான். அவள் எடுத்துக்கொடுக்காமலே மிச்சத்தையும், நேசிப்பதையும் மதிப்பதையும், ஒழுங்கு மாறாமல் சொல்லி முடித்தான். எங்கோ ஞாபகத்தில் இருந்திருக்கிறது. ஊர்க் கோவிலில் எத்தனை கலியாணத்துக்குப் பூசைக்கு உதவியிருப்பான்.

எமிலியா கைதட்டப் போனாள். டயனா கையைக் காட்டி நிறுத்தினாள். எல்லாரும் கதிரையைப் பார்த்தார்கள்.

அம்மா, "குரல் தடிச்சுப்போச்சு. அவர் கதைக்கிற மாதிரியே இருக்கு" என்றாள். 'அவர்' என்றால் அப்பா. அந்த வீட்டில் வேறு யாரையும் அம்மா அப்படிச் சொன்னதில்லை. கதிரையிலிருந்து முன்னால் சாய்ந்து, டீவி இருக்கிற திசைக்குக் குரலை உயர்த்தினாள். "மகன், உனக்குத் தடிமனா?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாத. மூக்கால கதைக்கிற."

கிளைட்டன் கைக்குட்டையை எடுத்தான். "ஓம் அம்மா. கொஞ்சம் தடிமன்தான்."

"கொத்தமல்லி அவிச்சுக் குடி. அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா எண்டு கேளு. தெரியாட்டிச் சொல்லிக் குடு." அம்மா வலக்கையை உயர்த்தி, தனக்கு முன்னால் இருந்த காற்றில் இரண்டு தரம் சிலுவை போட்டாள். இரண்டாவது தரம் போடும்போது கை கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிப் போனது, அங்கே ஷானிகா நிற்பாள் என்று நினைத்தாளோ என்னவோ. டீவியில் அவள் வலப்பக்கம்தான் நின்றாள். அதை யாரும் திருத்தவில்லை.

பிறகு எல்லாரும் ஒன்றாகக் கதைக்கத் தொடங்கினார்கள். எமிலியா, "ஒரே நாள்ல ரெண்டு தரம் கட்டின மாப்பிள இவர் ஒருத்தர்தான்" என்றாள், ஹோல் சிரித்தது, இத்தாலியிலும் சிரித்தார்கள். சாள்ஸ் மெல்ல வந்து டயனாவின் பின்னால் நின்று, "சோத்த நான் எடுத்து வைக்கிறன்" என்றான். அவள் திரும்பிப் பார்க்காமல் தலையை ஆட்டினாள்.

கிளைட்டனின் முகம் மறுபடியும் திரைக்குக் கிட்ட வந்தது. "அக்கா" என்றான். "நீ ஒண்டும் சொல்லல்லயே. எல்லாரும் வாழ்த்திட்டாங்க."

டயனா அவனைப் பார்த்தாள். அவளுடைய கை றிசீவரின் குமிழில் இருந்தது. விரல்களில் கறுப்பு இன்னும் போகவில்லை.

"எனக்குச் சொல்லக் கனக்கக் கிடக்கு" என்றாள். "அதுகள் வயருக்குள்ளால வராது. காகிதம் சரியான உடன வா. நேரில வந்து நிண்டு கேளு."

"நல்லாத் திட்டப் போற."

"ஓம்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சனத்துக்குச் சோறு போடப் போனாள்.